டாக்டரிடம் கேளுங்கள்: நெஞ்சில் நீர் மறுபடி மறுபடி சேர்ந்தால்…

சென்ற இதழில் புற்றுநோயாளிகளின் மூச்சிரைப்பைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ராமேசுவரம் தீவிலிருந்து வாலிநோக்கம் வரை எழுதித் தள்ளியிருக்கிறீர்கள். ஆகவே இந்த முறை தைராய்டும் மூட்டுவலியும் காத்திருக்கட்டும். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மா, என் அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து நான்கு ஆண்டுகள் நன்றாக இருந்தார்கள். இப்போது வலது பக்கம் நுரையீரலில் நீர் கோர்த்துவிட்டது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஊசி குத்தி நீர் எடுக்கிறார்கள். பத்துப் பதினைந்து நாளில் மறுபடியும் மூச்சு வாங்குகிறது. மூன்று முறை எடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் கார் வாடகை, இரண்டு நாள் அறை வாடகை. "ஓட்டையை அடைக்காமல் வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற கதையாக இருக்கிறதே" என்கிறார் அப்பா. வேறு வழியே இல்லையா?
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: இருக்கிறது அம்மா. உங்கள் அப்பா கேட்டிருப்பது சரியான கேள்வி. அதை மருத்துவமனையில் சத்தமாகக் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நுரையீரலைச் சுற்றி மெல்லிய இரட்டை உறை உண்டு. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றொன்று விலா எலும்புகளின் உட்புறத்தில் ஒட்டியது. இடையில் வழுவழுப்புக்காக 10 முதல் 20 மில்லி நீர் எல்லோருக்கும் இருக்கிறது. அது ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கும். புற்றுநோய்ச் செல்கள் அந்த உறையில் படிந்துவிட்டால் இரத்தக் குழாய்களிலிருந்து கசிவு கூடுகிறது. வடிகாலாக இருக்கும் நிணநீர்க் குழாய்களும் அடைபடுகின்றன. லிட்டர் கணக்கில் நீர் சேர்வது இதனால்தான். ஊசி நீரை எடுக்கும். கசிவையோ அடைப்பையோ தொடாது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் மறுபடியும் சேர்ந்துவிடும்.

முதல் முறை ஊசியில் எடுப்பதில் தவறில்லை. பரிசோதனைக்கு நீர் வேண்டும். நீரை எடுத்ததும் அம்மாவுக்கு மூச்சு இலகுவானதா என்று தெரிய வேண்டும். படத்தில் நீர் குறைந்தும் மூச்சு வாங்குவது குறையவில்லை என்றால் காரணம் வேறு: இரத்தசோகை, நுரையீரல் இரத்தக் குழாயில் உறைந்த இரத்தக் கட்டி, இதயத்தைச் சுற்றி நீர் என்று தேட வேண்டும். மூன்றாவதாக, நுரையீரல் முழுமையாக விரிந்து நெஞ்சுக் கூட்டைத் தொடுகிறதா என்பதும் தெரிய வேண்டும். இந்த மூன்றும் முதல் முறையிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது முறை நீர் சேர்ந்தபோதே அடுத்தது என்ன என்ற பேச்சு வந்திருக்க வேண்டும். ஆயுள் சில வாரங்கள்தான் என்ற நிலையில் இருப்பவருக்கு ஊசியோடு நிறுத்திக்கொள்வது நியாயம். உங்கள் அம்மா அந்த நிலையில் இருப்பதாக உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். எடுத்த நீரிலிருக்கும் செல்களில், எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்-2 புரதத்தையும் மறுபடி பார்த்தார்களா? நான்கு ஆண்டுக்கு முன் கட்டியில் இருந்த தன்மை இப்போது மாறியிருக்கலாம். பொருத்தமான மாத்திரையோ ஊசியோ கிடைத்தால் நோய் அடங்கி, நீரும் தானாகக் குறைகிற வாய்ப்பு மார்பகப் புற்றில் உண்டு. அந்த நீரை வாளியில் கொட்டிவிட்டு வருவது எனக்கு மனசே ஆறாத விஷயம்.

இனி ஓட்டை அடைக்கும் விஷயம். இரண்டு வழிகள்.

ஒன்று, உறைகளை ஒட்டவைப்பது. விலா இடையில் குழாய் வைத்து நீரை முழுக்க வடித்து, நுரையீரல் விரிந்துவிட்டதை எக்ஸ்ரேயில் உறுதிசெய்த பிறகு, கிருமி நீக்கிய டால்க் தூளை உப்பு நீரில் கலக்கிக் குழாய் வழியே செலுத்துவார்கள். முகத்துக்குப் பூசுகிற பவுடர் என்று ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். இது மருத்துவத்துக்கென்று தரம் பிரித்துத் தயாரிப்பது. பல மருத்துவமனைகளில் செலவு குறைவு என்பதால் போவிடோன் அயோடினும் பயன்படுத்துகிறார்கள். தூள் உறைகளைப் புண்ணாக்கி ஒட்டவைக்கிறது. ஓரிரு நாள் நெஞ்சுவலியும் காய்ச்சலும் இருக்கும். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னால் கேட்காதீர்கள், மருந்து கேளுங்கள். வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரை கொடுத்தால் ஒட்டாது என்ற பழைய பயம் 2015இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் அடிபட்டுப் போனது. ஒட்டிக்கொண்டால் பிறகு உடம்பில் எந்தக் குழாயும் இல்லை. அது பெரிய நிம்மதி. எல்லோருக்கும் ஒட்டுவதில்லை. விரியாத நுரையீரலுக்கு இந்த வழி பயன்படவே படாது.

இரண்டு, தோலுக்கடியில் சிறிது தூரம் ஓடி நெஞ்சுக்குள் போகும் மெல்லிய சிலிக்கான் குழாய். அதை வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடலாம். நீர் சேரும்போது வீட்டிலேயே வடித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்ற முறை. 2012இல் பிரிட்டனில் இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். மூச்சிரைப்பு குறைவதில் வித்தியாசம் இல்லை. குழாய் வைத்தவர்கள் மருத்துவமனையில் கிடந்த நாட்கள் குறைவு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், ஹாங்காங் மருத்துவமனைகள் சேர்ந்து செய்து 2017இல் வெளியிட்ட ஆய்விலும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பி, பிறகு வெளிநோயாளியாகவே அதன் வழியே டால்க் செலுத்திய ஆய்வு 2018இல் வந்தது. ஐந்து வாரத்தில் டால்க் பெற்றவர்களில் 43 சதவீதத்தினருக்கு உறை ஒட்டியது. பெறாதவர்களில் 23 சதவீதம். உள்நோயாளியாகப் படுக்கவேண்டிய அவசியம் இல்லாமல் இவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

உங்கள் அம்மாவுக்கு எது? நுரையீரல் நன்றாக விரிகிறது, வீட்டில் குழாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் ஒட்டவைப்பது. நுரையீரல் விரியவில்லை என்றால் குழாய். இரண்டும் பொருந்தும் என்றால், பாலம் தாண்டி நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் போய்வரும் உங்களுக்கு நான் குழாயின் பக்கம்தான் சாய்வேன். நகரத்தில் இருப்பவர்களுக்கு வேறு மருத்துவர் வேறு மாதிரிச் சொல்லலாம். காப்பீட்டு அட்டையில் எது அடங்கும் என்று காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

அதுவரை ஊசியில்தான் எடுக்கவேண்டும் என்றால் அதற்காக மட்டும் மதுரைக்கு ஓடாதீர்கள். ராமநாதபுரத்திலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே முதலில் கேளுங்கள். எங்கே எடுத்தாலும் அந்த நேரத்தில் ஸ்கேன் வைத்துப் பார்த்துக் குத்தச் சொல்லுங்கள். நுரையீரலில் ஊசி பட்டுக் காற்று கசிவது அதனால் குறைகிறது. தலையணை வைத்த மேசையில் கைகளை மடக்கி, முன்னால் சாய்ந்து அம்மா உட்காரும்போது முகம் உங்கள் பக்கம்தான் இருக்கும். குத்துகிற மருத்துவர் முதுகுப் பக்கம் இருப்பார். ஆகவே முகத்தைக் கவனிக்கவேண்டியது நீங்கள். சுருங்கிக் கிடந்த நுரையீரல் விரியும்போது இருமல் வரும். விடாத இருமலோ, நெஞ்சை இறுக்கிப் பிடிப்பதோ, முகம் வெளிறுவதோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள். நிறுத்திவிடுவார்கள். "வந்ததே வந்தோம், முழுசாக எடுத்துவிடுங்கள்" என்று கேட்காதீர்கள். ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுத்தால் விரிந்த நுரையீரலுக்குள்ளேயே நீர் கசியும் ஆபத்து உண்டு.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் டாக்டர். கீழக்கரையில் இருக்கும் என் வாப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். வீட்டிலேயே நீர் வடிக்கும் குழாயை நெஞ்சில் வைத்து அனுப்பிவிட்டார்கள். நான் துபாயில் இருக்கிறேன். உம்மாவும் தங்கச்சியும் குழாயைத் தொடவே பயப்படுகிறார்கள். குளிக்கலாமா, தொழுகைக்கு ஒளு செய்யலாமா, சுஜூதில் குனியும்போது குழாய் கழன்றுவிடுமா என்று வாப்பாவுக்குக் கவலை. "கீமோ நடக்கிற உடம்பு, கிருமி ஏறிவிடும், எடுத்துவிடச் சொல்" என்கிறார் மச்சான்.
— வாசகர், துபாய்

பதில்: வ அலைக்கும் ஸலாம் தம்பி. மச்சானின் பயத்துக்கு முதலில் பதில். இந்தக் குழாய் வைத்தவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்குக் கிருமித் தொற்று வருகிறது. வந்தவர்களிலும் பலருக்குக் குழாயை எடுக்காமலே ஆன்டிபயாடிக்கில் சரியாகிறது. கீமோ நடப்பது குழாய்க்குத் தடையில்லை. காய்ச்சல், குழாயைச் சுற்றிச் சிவப்பு, புதிதாக வலி, நீர் கலங்கிச் சீழ் போல வருதல், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனை. கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் என்றால் "பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்ப்போம்" என்பது கூடாது.

சுஜூது தாராளமாகச் செய்யலாம். குழாயில் தோலுக்கடியில் இருக்கும் பகுதியில் துணி போன்ற ஒரு வளையம் உண்டு. சில வாரங்களில் சதை அதைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும். அதுவரை இழுபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒளுவில் கழுவும் இடங்கள் முகமும் கைகளும் கால்களும்தானே. குழாய் இருப்பது விலாவில். நீர் வடிவதால் ஒளு முறியுமா என்பதை மட்டும் ஆலிமிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை. குளிக்கும்போது நீர் புகாத ஒட்டுப்பட்டை போட்டு மேலாக ஊற்றிக் குளிக்கலாம். கடலில் முங்குவது, தொட்டியில் மூழ்குவது வேண்டாம்.

தங்கச்சிக்கு ஒரு முறை செவிலியர் கூட இருந்து சொல்லிக்கொடுத்தால் பயம் போய்விடும். வீடியோ அழைப்பில் நீங்களும் பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சோப்பு போட்டுக் கையைக் கழுவி, கையுறை மாட்டி, பழைய பட்டையை உரித்து, குழாயின் மூடியைத் திறந்து முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, பாட்டிலை இணைத்து, கவ்வியைத் திறக்க வேண்டும். வெற்றிடப் பாட்டில் விலை அதிகம். பல இடங்களில் சாதாரண வடிகால் பையை இணைத்துத் தாழ்வாக வைத்து வடிக்கிறார்கள். அதுவும் ஆகும், நேரம்தான் கூடுதல். எது உங்களுடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வைக்கோல் நிறத்திலோ இரத்தம் கலந்தோ வரும். முதல் நாளிலிருந்தே சிவப்பாக இருந்தால் பயப்படாதீர்கள். மஞ்சளாக வந்துகொண்டிருந்தது திடீரென்று சிவந்தால் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம். வலித்தால் கவ்வியைப் பாதி மூடுங்கள். தேதி, அளவு, நிறம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி அடுத்த முறை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அந்த நோட்டு பல ஸ்கேன்களைவிடப் பேசும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? இதில் ஆய்வுகள் இரண்டு விதமாகப் பேசுகின்றன, இரண்டும் சரிதான். அமெரிக்காவில் 2017இல் வந்த ஆய்வில், தினமும் வடித்தவர்களில் 47 சதவீதத்தினருக்கு உறை தானாக ஒட்டிக் குழாய் தேவைப்படாமல் போனது. ஒருநாள் விட்டு ஒருநாள் வடித்தவர்களில் 24 சதவீதம். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியர்கள் முன்நின்று நடத்திய ஆய்வில், தினமும் வடித்தவர்களுக்கும் மூச்சு வாங்கும்போது மட்டும் வடித்தவர்களுக்கும் மூச்சிரைப்பில் வித்தியாசம் இல்லை. சீக்கிரம் குழாயை எடுத்துவிட வேண்டும் என்று வாப்பா நினைத்தால் தினமும் வடிக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். தொந்தரவு குறைந்தால் போதும் என்றால், வேண்டும்போது வடித்தால் போதும். இதை நீங்களும் மச்சானும் முடிவு செய்யாதீர்கள், வாப்பாவைக் கேளுங்கள். தொடர்ந்து மூன்று தடவை 50 மில்லிகூட வராமல், மூச்சும் நன்றாக இருந்தால் குழாயை எடுக்கும் நேரம் வந்திருக்கலாம். மூச்சும் வாங்கி, நீரும் வரவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கும். அதை வீட்டில் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

அந்த நீரோடு புரதமும் போகிறது. கீழக்கரையில் மீனுக்குப் பஞ்சமில்லை. பத்தியம் என்ற பெயரில் கஞ்சியோடு நிறுத்தாமல் மீனும் முட்டையும் கொடுக்கச் சொல்லுங்கள். நுரையீரல் புற்று என்றதால் இன்னொன்று: புற்றுச் செல்லின் மரபணுவில் ஒரு மாற்றத்தைத் தேடும் இ.ஜி.எஃப்.ஆர். பரிசோதனை செய்தாயிற்றா? கட்டியிலிருந்து சதை எடுக்க முடியாதவர்களுக்கு இந்த நீரின் செல்களிலேயே அதைப் பார்க்கலாம். மாற்றம் இருந்தால் மாத்திரையாகவே சிகிச்சை உண்டு.

கேள்வி: என் அப்பாவுக்கு 70 வயது. வாலிபத்தில் எங்கள் ஊரில் கப்பல் உடைக்கும் வேலை பார்த்தவர். இடது நெஞ்சில் நீர். நீர்ப் பரிசோதனையில் "புற்றுச் செல் இல்லை" என்று வந்ததால் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டும் நீர் வற்றவில்லை. எடை இறங்குகிறது. இன்னும் பொறுத்துப் பார்க்கலாமா?
— வாசகர், வாலிநோக்கம்

பதில்: பொறுக்க வேண்டாம். நம் நாட்டில் நெஞ்சில் நீர் கோர்ப்பதற்குக் காசநோய் முக்கியமான காரணம். ஆகவே அதை முதலில் நினைத்ததைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று மாதம் கழித்தும் அதையே நினைத்துக்கொண்டிருப்பதைத்தான் குறை சொல்வேன். புற்று இருந்தும் நீரில் செல் அகப்படுவது பத்தில் ஆறு பேருக்குத்தான். "செல் இல்லை" என்றால் புற்று இல்லை என்று அர்த்தமில்லை. காசநோயில் கூடும் ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவு நீரில் என்ன என்று பழைய தாளில் பாருங்கள். அது குறைவாக இருந்தால் காசநோய்ச் சந்தேகம் இன்னும் தளர்கிறது. அடுத்தது, நெஞ்சுக்குள் சிறு கேமரா விட்டு உறையை நேரில் பார்த்துச் சதை எடுக்கும் பரிசோதனை. தோராக்கோஸ்கோபி என்பார்கள். அதில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விடை கிடைத்துவிடுகிறது. புற்று என்று தெரிந்தால் அதே அமர்வில் டால்க் தூவிவிடவோ குழாய் வைக்கவோ முடியும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அதை மருத்துவர் சொல்லட்டும்.

கப்பல் உடைத்த வேலையை மருத்துவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் சொல்லியிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பழைய கப்பல்களில் கொதிகலனையும் குழாய்களையும் சுற்றிக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பொதிந்திருப்பார்கள். அதன் தூசி நுரையீரல் உறையில் மீசோதீலியோமா என்ற புற்றை உண்டாக்கும், அதுவும் இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் கழித்து. உங்கள் அப்பாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. சதைப் பரிசோதனைச் சீட்டில் இந்த வேலை விவரம் எழுதப்பட வேண்டும், அப்போதுதான் நோய்க்குறியியல் மருத்துவர் அதற்கான சாயப் பரிசோதனைகளைச் செய்வார். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் ஊரில் யாருக்காவது மூச்சிரைப்பு இருந்தால் அவர்களையும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். மீன்பிடித் தடைக்காலம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைதான் ஆண்கள் மருத்துவமனை வாசலை மிதிக்கிறார்கள். நோய்க்கு அந்தக் கணக்குத் தெரியாது.

கேள்வி: தண்ணீர் குறைவாகக் குடித்து, கொள்ளு ரசம் தினமும் குடித்தால் நெஞ்சு நீர் வற்றும் என்கிறார்களே?
— வாசகி, தொண்டி

பதில்: வற்றாது. கொள்ளு ரசம் ருசிக்காகக் குடிக்கலாம். இதயமோ சிறுநீரகமோ பழுதாகி நீர் சேர்பவர்களுக்குத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்வோம், நீர் பிரியும் மாத்திரையும் தருவோம். புற்றுநோயால் உறையில் சேரும் நீருக்கு அவை இரண்டும் எடுபடுவதில்லை. தொண்டி வெயிலில் கீமோ எடுக்கும் ஒருவரைத் தண்ணீர் குடிக்காதே என்று காயப்போடுவது கொடுமை.

கேள்வி: நான் பாசி எடுக்கப் போகிறவள். என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது, இனி கீமோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நீரும் எடுத்தாகிவிட்டது. ஆனாலும் ராத்திரியானால் மூச்சுக்குத் தவிக்கிறார். வாடகைக்கு ஆக்சிஜன் இயந்திரம் எடுக்கட்டுமா? கடன் வாங்கித்தான் எடுக்க வேண்டும்.
— வாசகி, மண்டபம்

பதில்: கடன் வாங்குவதற்கு முன் விரல் நுனியில் மாட்டும் கருவியால் ஆக்சிஜன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைவாக இருந்தால்தான் இயந்திரத்தால் பயன் உண்டு. அளவு சரியாக இருந்து தவிப்பு மட்டும் இருந்தால், மின்விசிறிக் காற்று முகத்தில் படுவதே இயந்திரத்தின் அளவுக்கு உதவும். கையில் பிடிக்கும் சிறு விசிறிகளை வைத்து முறையாகச் சோதித்துப் பார்த்த விஷயம் இது. படுக்கவைக்காதீர்கள். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, முன்னால் ஒரு முக்காலியில் இன்னொரு தலையணை போட்டுக் கைகளை ஊன்றிச் சாயட்டும். நீர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி சாய்ந்தால் சிலருக்கு இலகுவாகிறது. எது இலகு என்பதை அவரே சொல்லட்டும். தவிப்பு புதிது என்றால் நீர் மறுபடி சேர்ந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

இதற்கு மார்பின் என்ற மருந்து உண்டு. வலிக்கு மட்டும் இல்லை, குறைந்த அளவில் கொடுத்தால் மூச்சுத் தவிப்பும் அடங்கும். அதைக் கேட்டாலே போதைப் பொருள் என்று உறவினர்கள் பதறுகிறார்கள். மருத்துவர்களிலும் சிலர் தயங்குகிறார்கள். சரியான அளவில் கொடுத்தால் அது மூச்சை நிறுத்திவிடாது. சட்டச் சிக்கலைக் குறைக்கத்தான் 2014இல் போதைப் பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வலி நிவாரணச் சிகிச்சைப் பிரிவை விசாரியுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டு. உங்கள் தெருவில் இரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வரும் பெண்ணிடம் உங்கள் வீட்டுக்காரர் பெயரைப் பதியச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பவரிடம் காட்டுவதற்கு மருத்துவமனையிலிருந்து கொடுத்த கடைசிச் சீட்டையும் ஸ்கேன் தாளையும் ஒரே பையில் எடுத்து வையுங்கள். நீங்கள் பாசி எடுக்கக் கடலுக்குள் இருக்கும் நேரத்தில் அவர் வந்தால், வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.